வலைப்பையில் ஆளிக் குஞ்சு காலியாகிறது: தின்பது எது, எப்படித் தடுப்பது?

வற்றுக்கரை என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

ஓதம் ஏறி இறங்கும் கரையில், தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் கம்பிச் சட்டம். அதன்மேல் வலைப்பைகளில் ஆளி, அதாவது உணவுக்கு வளர்க்கும் கடற்சிப்பி. குஞ்சு விடும்போது நீளம் சுமார் 12 மி.மீ., பையின் கண் (வலையின் ஓட்டை) 6 மி.மீ. பத்து வாரத்தில் 100க்கு 27 வெற்று ஓடாகிவிட்டது. உப்புத்தன்மை 28 முதல் 33 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு) வரை, தண்ணீரின் வெப்பம் 27 முதல் 30 டிகிரி. இந்தப் பத்து வாரத்தில் வெள்ளநீர் எதுவும் வரவில்லை. சட்டத்துக்கு அடியில் நட்சத்திர மீன், நண்டு, சங்கு மூன்றுமே தென்படுகின்றன. பைகளை மொத்தமாக அடர் உப்புக் கரைசலில் முக்கி எடுத்தால் எல்லாம் ஒழியுமா? நட்சத்திர மீனை வெட்டி அங்கேயே போட்டுவிடலாமா?

ஓட்டுக்கணக்கு:

வெட்டாதீங்க. நடுத்தட்டில் ஒரு பங்கு ஒட்டியிருந்தால் கை மறுபடி முளைத்து முழு உடம்பாகிவிடும் இனங்கள் உண்டு. கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் பரப்புங்கள், அல்லது நல்ல தண்ணீரில் போடுங்கள். உப்பு குறைந்தால் அது தாங்காது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வெவ்வேறு பைகளிலிருந்து 100 வெற்று ஓடு பொறுக்கி, கழுவி, ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடியில் தென்படுவது வேறு, பைக்குள் தின்பது வேறு. தின்றது எதுவோ, ஓட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கும்.

வட்டமாக ஒரே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் சங்கு. ஓட்டையின் சுவர் நேராக, குழாய் போல இறங்கினால் முள்சங்கு வகை. மேலே அகன்று உள்ளே குறுகினால் மணலுக்குள் புதைந்து திரியும் நிலாச்சங்கு. தரையில் கிடக்கும் ஆளியைத்தான் அது பிடிக்கும், சட்டத்தின் மேல் அதற்கு வேலை இல்லை. ஓரம் கடித்த அப்பளம் போல உதிர்ந்திருந்தால், அல்லது சில்லுசில்லாகக் கிடந்தால் நண்டு. திருக்கை, கிளாத்தி, பேத்தை நொறுக்கினாலும் சில்லுதான் மிஞ்சும், ஆனால் பை கிழிந்திருக்க வேண்டும். பை முழுசாக இருந்தால் நண்டு உள்ளேயே இருக்கிறது.

இரண்டு ஓடும் சேர்ந்தபடி, காயமே இல்லாமல், உள்ளே சுத்தமாக இருப்பதுதான் குழப்பும். எல்லோரும் நட்சத்திர மீன் என்று சொல்லிவிடுவார்கள். அது குழாய்க்கால்களால் ஓட்டை இழுத்து, மயிரிழை இடைவெளி கிடைத்ததும் தன் வயிற்றையே உள்ளே தள்ளி அங்கேயே செரிக்கும். அதனால் ஓட்டில் தடயம் இருக்காது என்பது சரிதான். ஆனால் துளையே போடாத சங்குகளும் உண்டு. ஓட்டின் மேல் முடி முளைத்தாற்போல இருக்கும் முடிச்சங்கு, இரண்டு ஓட்டுக்கும் நடுவில் தும்பிக்கையை நுழைத்துத் தின்னும். மிகச் சிறிய குஞ்சாக இருந்தால் தட்டைப்புழுவும் இதே வேலையைச் செய்யும்.

வாய் பிளந்து, சதை அழுகியபடி இருப்பவற்றைத் தனியாக எண்ணுங்கள். அது தின்ற சாவு அல்ல. நோய், வெப்பம், உப்பு மாற்றம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். உள்பக்கம் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) பிடித்திருந்தால் ஓடு காலியாகி வாரக்கணக்காகிறது என்று அர்த்தம். அதை இப்போதைய கணக்கில் சேர்க்காதீர்கள்.

உப்பளம்:

உப்புக் கரைசலைப் பற்றி. நல்ல மருந்துதான், ஆனா எல்லாத்துக்கும் மருந்து இல்லை. சேற்றுப்புழு (ஓட்டுக்குள்ள துளை போட்டுக் குடியிருக்கிற புழு), ஓட்டைத் துளைக்கிற கடற்பஞ்சு, தட்டைப்புழு, சின்ன நட்சத்திர மீன் இதுக்கெல்லாம் கேட்கும். சங்குக்குக் கேட்காது. அது மூடியை இழுத்துச் சாத்திக்கிட்டு உள்ளே உட்கார்ந்துடும். நல்ல தண்ணீர் முக்கலும் அதே கதைதான்.

செய்யறதா இருந்தா: 100 லிட்டர் கடல்நீருக்கு 33 கிலோ உப்பு அளவுக்குப் போகும். கணக்கைவிட கண்ணை நம்புங்க, கலக்கினாலும் கரையாம அடியில உப்பு தங்கணும். பையை முதல்ல தண்ணீருக்கு வெளியே நிழல்ல வெச்சு ஆளி இறுக்கி மூடினதை உறுதிப்படுத்துங்க. திறந்த வாயோட முக்கினா நீங்களே கொன்ன மாதிரி. சேற்றுப்புழுவுக்கு 15 நிமிஷம் முக்கி, எடுத்த பிறகு குறைஞ்சது இன்னொரு 15 நிமிஷம் நிழல்ல காயவிடணும். கழுவிடாதீங்க, ஓட்டுத் துளைக்குள்ள நிக்கிற உப்புதான் வேலை செய்யுது. ஒரு பைக்குச் செஞ்சு ரெண்டு நாள் பார்த்துட்டு மீதியைத் தொடுங்க. ஓரம் உடைஞ்ச குஞ்சு, அன்னைக்கே தரம் பிரிச்ச குஞ்சு ரெண்டுக்கும் வேண்டாம்.

சல்லடை:

பையின் கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. சதுரக் கண்ணில் பக்கத்தைப் பார்த்தால் போதாது, மூலைவிட்டத்தைப் பார்க்க வேண்டும். 6 மி.மீ. கண்ணின் மூலைவிட்டம் 8.5 மி.மீ. குஞ்சின் அகலம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நீளம் 12 இருந்தும் அகலம் 8 என்றால் நழுவும். நழுவி விழுந்ததைத் தின்றதாகக் கணக்குப் போட்டுவிடுவோம். அதனால் உயிருள்ளது, வெற்று ஓடு இரண்டையும் கூட்டி, விட்ட எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு பக்கம், பொடிக்கண் பையிலேயே வைத்திருந்தால் பாசியும் சேறும் அடைத்து நீரோட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் தீனி குறையும், வளர்ச்சி நிற்கும், ஓடு மெல்லிசாகவே இருக்கும். மெல்லிய ஓடுதான் நண்டுக்குப் பிடித்தது. அகலம் 15 மி.மீ. தாண்டியதும் 9 மி.மீ. கண்ணுக்கு மாற்றுங்கள்.

வற்றுக்கரை:

எண்ணியாயிற்று. 100 ஓட்டில் நேர்ச்சுவர்த் துளை 9. ஓரம் உடைந்தது 34. காயமே இல்லாதது 51. அழுகிய சதையோடு 6. நழுவியது என்று சொல்ல எதுவும் குறையவில்லை. காயமில்லாத ஓடு வந்த பைகளைக் கவிழ்த்துப் பார்த்ததில் நட்சத்திர மீன் ஒன்றுகூட இல்லை. பைக்கு ஒன்றிரண்டு பழுப்பு நிறச் சங்கு, 15 முதல் 30 மி.மீ., ஓட்டின் மேல் சொரசொரப்பான முடி. 6 மி.மீ. கண்ணில் இது எப்படி நுழைந்தது? பையில் கிழிசல் இல்லை.

ஓட்டுக்கணக்கு:

நுழையவில்லை, உள்ளேயே வளர்ந்தது. முடிச்சங்கின் இளம்பருவம் தண்ணீரில் மிதந்து திரியும். வலைக்கண்ணில் நுழையும் சின்ன அளவில் பைக்குள் வந்து இறங்கி, உங்கள் குஞ்சைத் தின்றே அந்தக் கண்ணைவிடப் பெரிதாகிவிடுகிறது. நண்டும் அப்படியே. எந்த வலையாலும் இதைத் தடுக்க முடியாது. பை வாங்கும்போது பாதுகாப்பு என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். உள்ளே வந்ததற்கு அதே பை நல்ல வீடு. வெளியிலிருந்து திருக்கை வராது, சாப்பாடு சுற்றிலும் கிடக்கிறது.

அந்த 9 துளை வேறு கதை. முள்சங்குகளில் பல தோல் போன்ற முட்டைக் கூடுகளைக் கொத்தாக ஒட்டும். அட்லாண்டிக் ஆளித் துளைச்சங்கில் மிதக்கும் பருவமே கிடையாது, கூட்டிலிருந்து ஊர்ந்துதான் வெளியே வரும். வட அமெரிக்கக் கரையிலிருந்து பிரிட்டனுக்கு அது போனதே ஆளியோடு ஒட்டிக்கொண்டுதான். இந்த வகை சட்டத்தின் கால் வழியாக ஏறும். தொங்கும் கயிறு, தரைவரை நீண்ட பாசி இதெல்லாம் அதற்கு ஏணி, வெட்டிவிடுங்கள். கால்களின் அடியில் சின்ன வலைமுடிச்சில் மெல்லிய ஓட்டுக் குஞ்சை இரையாகக் கட்டி வைத்து, வாரம் ஒருமுறை தூக்கி ஏறியிருப்பதைப் பொறுக்குங்கள். முட்டைக் கூட்டைச் சுரண்டினால் கரையில் கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். தண்ணீரில் தட்டிவிட்டால் இடம் மாற்றி நட்டதாகும்.

செம்புத் தகடு சுற்றச் சொல்வோர் உண்டு. ஆளி செம்பை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், சதை பச்சையாகும். விற்பனைக்குப் போகும் சரக்கின் பக்கத்தில் அது வேண்டாம்.

உப்பளம்:

ஒத்துக்கறேன், இங்க உப்பு முக்கல் வீண் செலவு. 51க்கும் 34க்கும் கை வேலைதான்.

சல்லடை:

கை வேலை என்றாலும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதில்லை, காலம் தவறாமல் செய்தால். ஆளி 20 மி.மீ. தாண்டிவிட்டால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையை 8 மி.மீ. சல்லடையில் கொட்டி, கடல்நீர் ஊற்றி ஆட்டுங்கள். ஆளி மேலே நிற்கும். அந்த இரண்டு வாரத்தில் இறங்கிய சங்கும் நண்டும் பெரும்பாலும் இன்னும் 8 மி.மீ.க்குக் கீழேதான் இருக்கும், கீழே விழும். சல்லடைக்கு அடியில் தொட்டி இருக்கட்டும். கடலுக்கு மேல் வைத்து ஆட்டினால் பக்கத்துப் பைக்குத் தானம் செய்வதுதான். ஆறு வாரம் விட்டுவிட்டால் சங்கும் ஆளியும் ஒரே அளவாகி, சல்லடையால் பயனில்லை.

இப்போது உள்ளே இருக்கும் 15–30 மி.மீ. சங்கை மட்டும் ஒருமுறை கையால் எடுத்தாக வேண்டும். ஓட்டு இடுக்கில் பதுங்கும், வெற்று ஓட்டுக்குள்ளும் நுழைந்திருக்கும். வெற்று ஓடு ஒன்றுகூடப் பைக்குத் திரும்பக் கூடாது. நண்டு கழற்றிப் போட்ட ஓடு கிடைத்தால் அந்தப் பையை இரண்டாம் முறை தேடுங்கள். தோல் உரித்த நண்டு மெத்தென்று மூலையில் ஒளிந்திருக்கும், முதல் தேடலில் அகப்படாது. பை வாயை மடித்துக் கட்டும் மடிப்புக்குள்ளும் விரல் விட்டுப் பாருங்கள்.

எடுத்த எண்ணிக்கையைப் பை எண்ணோடு எழுதி வையுங்கள். எந்தப் பருவத்தில் எண்ணிக்கை ஏறுகிறது என்று தெரிந்தால், அடுத்த முறை குஞ்சு விடுவதை அந்தப் பருவம் கழிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் 12 மி.மீ. குஞ்சுக்குப் பதில் 20 மி.மீ.க்கு மேல் வளர்த்த குஞ்சை இறக்குங்கள், முதல் வாரத்திலிருந்தே சல்லடை போடலாம்.