கெண்டைக்கால் தசைக்கு மூன்றாவது தலை: ஓடும்போது வரும் வலிக்கு அதுதான் காரணமா?

கேள்வி (இயன்முறை மருத்துவம்)

வணக்கம். என்னிடம் சிகிச்சைக்கு வந்திருப்பவர் 23 வயது ஓட்ட வீரர். ஐந்தாறு நிமிடம் ஓடியதும் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகி வலிக்கிறது, உள்ளங்கால் மரத்துப்போகிறது. நின்றால் மூன்று நிமிடத்தில் சரியாகிறது. சர்க்கரையோ புகைப்பழக்கமோ இல்லை. 'கேஸ்ட்ராக்னீமியஸ் தசைக்கு மூன்றாவது தலை உள்ளது. பாப்லிட்டியல் தமனிக்கும் சிரைக்கும் நடுவே செல்கிறது' என்கிறது எம்ஆர்ஐ அறிக்கை (கேஸ்ட்ராக்னீமியஸ் கெண்டைக்காலின் பெரிய தசை, தலை என்பது அது எலும்பில் தொடங்கும் பகுதி, பாப்லிட்டியல் நாளங்கள் முழங்காலுக்குப் பின்னால் செல்பவை). ஓய்வில் பாதத்து நாடி நன்றாகவே கிடைக்கிறது. அறுவை சிகிச்சை அவசியமா? தசை அறை அழுத்த நோயிலிருந்து (உறைக்குள் அடங்கிய தசையில் ஓடும்போது அழுத்தம் ஏறும் நோய்) இதை எப்படிப் பிரிப்பது? கெண்டைக்கால் பயிற்சியைத் தொடரலாமா?

பதில் 1 (கதிரியக்கவியல்)

மூன்றாவது தலை இருப்பது மட்டுமே நோய் ஆகாது. நூற்றில் சிலருக்கு அது உண்டு, பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அது தமனியை நெருக்குகிறதா, நெருக்கியதால் தமனிச் சுவர் கெட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

கருவில் கேஸ்ட்ராக்னீமியஸின் உள்தலை கீழிருந்து மேலேறித் தொடையெலும்பின் உட்குமிழுக்கு மேல் போய் ஒட்டும். தமனி உருவாகும் நேரமும் இந்த நகர்வும் ஒத்துப்போகாவிட்டால் தசை தமனியையும் உள்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும் (இந்தத் தமனி நெருக்கத்தின் ஆறு வகைகளில் முதல் வகை). தசை உரிய இடம்வரை போகாமல் நடுவிலேயே ஒட்டிக்கொண்டால் இரண்டாம் வகை. வழியில் ஒரு கீற்று பிரிந்து தங்கினால் மூன்றாம் வகை, உங்கள் அறிக்கை சொல்வது இதைத்தான். தமனி முழங்காலுக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் பாப்லிட்டியஸ் தசைக்கோ நார்ப்பட்டைக்கோ அடியில் போனால் நான்காம் வகை. சிரையும் சேர்ந்து சிக்கினால் ஐந்தாம் வகை. அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் பருத்த தசை நெருக்குவது ஆறாம் வகை. இப்படித் தமனி தசையைச் சுற்றிப்போவதை முதலில் எழுதிவைத்தவர் ஆண்டர்சன் ஸ்டூவர்ட், 1879இல், எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்தபோது.

அறிக்கையை விட்டுவிட்டுக் குறுக்குவெட்டு டி1 படங்களை (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் எம்ஆர்ஐ வகை) நீங்களே பாருங்கள். தமனியைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளை வளையமாகத் தெரியவேண்டும். உட்குமிழ் மட்டத்திலிருந்து ஒவ்வொரு படமாகக் கீழிறங்குங்கள். வளையம் எங்கே அறுந்து தசை தமனியோடு ஒட்டுகிறதோ அதுதான் சிக்கலான இடம். பாதம் தளர்ந்த நிலையில் மட்டும் எடுத்த படம் பாதிப் படம்தான். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தி வைத்தும் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இடது காலையும் பாருங்கள், இரு கால்களிலும் இருப்பது அரிதல்ல.

பதில் 2 (இரத்தநாள அறுவை சிகிச்சை)

டாப்ளர் (இரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் சோதனை) சரியாகச் செய்தால்தான் பயன். குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவேண்டும், முழங்கால் நேராக இருக்கவேண்டும். முதலில் ஓய்வில் மும்முனை அலையை (நலமான தமனியின் ஓட்ட வடிவம்) பதியுங்கள். பிறகு உங்கள் உள்ளங்கையை எதிர்த்து அவர் பாதத்தால் அழுத்தட்டும். அலை தட்டையாகிப் பாதத்து நாடி மறைந்தால் நெருக்கம் உண்டு. ஆனால் முழுப் பலத்தோடு அழுத்தும்போது நலமாக இருப்பவர்களில் பலருக்கும் நாடி மறையும். இந்த ஒரு சோதனையை நம்பி யாரையும் கத்திக்கு அனுப்பக்கூடாது.

அதனால் கணுக்கால்–கை அழுத்த விகிதத்தையும் (கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தது) சேர்த்துப் பாருங்கள். வலி வரும்வரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் அளக்கவேண்டும். ஓய்வில் இருந்ததைவிட 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அது பொருளுள்ள மாற்றம். ஐந்து நிமிடம் தாமதித்தால் விகிதம் பழைய அளவுக்குத் திரும்பி உங்களை ஏமாற்றிவிடும்.

அறிகுறியும், தசை அமைப்பும், அளந்து கண்ட நெருக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தமனி கெடாதபோது பின்பக்கமாகத் திறந்து கூடுதல் தசைக்கீற்றை வெட்டி நீக்கினாலே போதும். தாமதித்தால் ஒவ்வொரு அடியிலும் நசுங்கும் சுவர் தடித்து, குறுகி, அதற்குக் கீழே வீங்கி, உள்ளே இரத்தம் உறையும். உறைகட்டி சிதறி விரல்களுக்குப் போகும். அந்தக் கட்டத்தில் கெட்ட பகுதியை எடுத்துவிட்டுக் காலின் சொந்தச் சிரையை ஒட்டவேண்டிவரும்.

ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வெளியே நெருக்கும் தசை அப்படியே இருக்க, மடங்கும் மூட்டுக்குப் பின்னால் வைத்த ஸ்டென்ட் நசுங்கும், உடையும்.

கேள்வியாளர்

நன்றி. பாதத்தை அழுத்தி எடுத்த படம் இல்லை, கேட்கிறேன். தசை அறை அழுத்தம் பற்றி?

பதில் 3 (விளையாட்டு மருத்துவம்)

தசை அறை அழுத்த நோயில் வலி பெரும்பாலும் முன்கால் பக்கம் வரும், அடங்க அதிக நேரம் பிடிக்கும், நாடி மறையாது. உறுதிசெய்ய ஊசி வைத்து அளக்கவேண்டும்: ஓய்வில் 15, ஓடி முடித்த ஒரு நிமிடத்தில் 30, ஐந்தாம் நிமிடத்தில் 20 மிமீ பாதரசம். இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலோ தாண்டினாலோ அந்த நோய்தான். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் ஒன்று தெரிந்ததும் தேடலை நிறுத்தவேண்டாம்.

பயிற்சி விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்வதே கெடுதலாகிவிடுகிறது. குதிகால் தூக்கும் பயிற்சி தசையைப் பருக்கவைக்கும், நெருக்கம் கூடும். எவ்வளவு நீட்டினாலும் தவறாக ஒட்டிய தசை இடம் மாறாது. முழங்கால் பின்குழியை அழுத்திப் பிடித்துவிடுவதும் வேண்டாம், உள்ளே உறைகட்டி இருந்தால் நகர்ந்துவிடும். முடிவு தெரியும்வரை ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்துங்கள். நீச்சல் போதும், அதுவும் வலி வராத அளவுக்கு.

பாதம் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, ஓய்விலும் வலித்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே இரத்தநாள அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை செத்துப்போகத் தொடங்கிவிடும். இதை அவரிடமும் வீட்டாரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.