போக்கர்ல கையில எட்டு-எட்டு, ஒன்பது-ஒன்பது மாதிரி நடுத்தர ஜோடி வந்தா எப்படி ஆடுறீங்க? என் அனுபவம் இது, உங்களதையும் சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை:

போன தை மாசம் சம்பா அறுத்து நெல்ல டிபிசில (அரசு நெல் கொள்முதல் நிலையம்) கொட்டிட்டு எங்க முறை வர்ற வரைக்கும் நாலு ராத்திரி காவலுக்கு படுத்திருந்தோம், நீடாமங்கலம் பக்கம், பனி இறங்கி ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா திரும்ப காய வைக்கணும்ங்கிறதால ராத்திரி பூரா படுதாவ இழுத்து இழுத்து மூடுற வேலை, தூக்கம் எங்கேர்ந்து வரும். வரிசையா ஏழு குவியல், ஏழு பேரும் முழிச்சிருந்தோம். எங்க அத்தான் கப்பல்ல ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ஊரோட வந்தவரு, அவர்தான் லிமிட் ஹோல்டெம்ங்கிற போக்கர் ஆட்டத்த கத்துக்குடுத்தாரு, கையில ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. காசெல்லாம் கிடையாது, வீட்லேர்ந்து கொண்டாந்த புளியங்கொட்டைதான், ஆளுக்கு 100. சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு கட்டாயமா வெக்கிறது பிளைண்ட், சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2, ஃப்ளாப் (நடுவுல மொதல்ல விழற மூணு சீட்டு) வரைக்கும் பெட் 2 கொட்டை, டர்ன்லேர்ந்து (நாலாவது சீட்டு) 4, ஏத்தினாலும் அந்த 2, 4 கணக்குலதான் ஏத்தணும், நோ-லிமிட் மாதிரி மொத்தத்தையும் தள்ளி விட முடியாது.

மொத ராத்திரி எனக்கு வந்தது எட்டு-எட்டு, நான் பட்டன்ல, அதாவது ஃப்ளாப்லேர்ந்து கடைசியா ஆடுற எடத்துல. எனக்கு முன்னாடி நாலு பேரு சும்மா கால் (இருக்குற பெட்டுக்கு சமமா வெச்சு கூட வர்றது), நானும் கால், பிளைண்ட் ரெண்டு பேரும் உள்ள, ஆக ஏழு பேரு, பாட்ல (நடுவுல சேந்ததுல) 14 கொட்டை. ஃப்ளாப் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் அஞ்சு. பெரிய பிளைண்ட்ல இருந்தவரு 2 வெச்சாரு, அடுத்தவரு 4-ஆ ஏத்தினாரு, மத்தவங்க சீட்ட கீழ போட்டு விலகிட்டாங்க, எங்கிட்ட வந்துச்சு. கையில ஜோடி இருக்கே, அத எப்படி கீழ போடுறதுன்னு ஒரு பிடிவாதம், 4 கொட்டைய வெச்சேன். டர்ன்ல 4, கடைசி சீட்டான ரிவர்ல 4. ஏத்தினவருகிட்ட ராஜா-ஜாக்கி, ரெண்டு ஜோடி, ஃப்ளாப்லயே ஆச்சு அவருக்கு. ஃப்ளாப்புக்கு அப்புறம் மட்டும் 12 கொட்டை போச்சு.

விடியக்காலம் டீ வந்தப்புறம் அத்தான் என்ன பண்ணாருன்னா, படுதா மேலயே கட்ட பிரிச்சு ரெண்டு எட்ட எடுத்து என் கையில குடுத்துட்டு மிச்ச 50 சீட்டையும் ரெண்டு வரிசையா பிரிச்சு அடுக்கினாரு. ஒன்பதுலேர்ந்து ஆஸ் வரைக்கும் 24 சீட்டு ஒரு பக்கம், மிச்சம் 26 இந்தப் பக்கம். "மாப்ள, உன் எட்டு மேல எதுவும் ஏறாம இருக்கணும்னா ஃப்ளாப் மூணு சீட்டும் இந்த 26-லேர்ந்தே வரணும், எத்தன தடவ வரும்னு நினைக்கிற?" நான் பாதிக்குப் பாதின்னு நினைச்சேன். கணக்கு போட்டா 100-க்கு 13 தடவதான். 87 தடவ எட்டுக்கு மேல ஏதாவது ஒண்ணு விழுந்துரும். ஏழு-ஏழுன்னா 92, ஒன்பதுக்கு 79, பத்து-பத்துக்கே கிட்டத்தட்ட 70. அந்த சீட்டு அடுக்கினத கண்ணால பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. நான் விட்ட எடத்துலயும் அதே கதைதான், தெரியாத 47 சீட்டுல எனக்கு உதவுற எட்டு ரெண்டே ரெண்டு, விழாதது 22 தடவைக்கு மேலன்னா விழறது ஒரு தடவ, எனக்கு கிடைச்ச விலையோ பாட்ல இருந்த 20-க்கு நான் வெக்க வேண்டியது 4, அஞ்சுக்கு ஒண்ணு.

ஃப்ளாப்புக்கு முன்னாடி கால் பண்ணது மட்டும் தப்பில்லங்க. செட், அதாவது நம்ம ஜோடியோட அதே சீட்டு ஃப்ளாப்ல விழுந்து மூணு ஆகறது, எட்டரை தடவைக்கு ஒரு தடவ, ஏழு பேரு உள்ள வந்தா என் 2-க்கு எதிர்ல 12 நிக்குது, விழுந்தா பின்னாடியும் கொஞ்சம் வாங்கலாம். நோ-லிமிட்ல ஒரே ஒருத்தன் எதிர்ல இருந்தாலும் செட்டுக்காக போகலாம், விழுந்தா அவன்கிட்ட இருக்குறது பூரா வாங்கிடலாம். லிமிட்ல 2-ம் 4-மாதான் வாங்க முடியும், அதனால கூட்டம் வேணும். கூட்டம் இருந்தா மலிவா உள்ள போய் செட் விழலன்னா சீட்ட போட்டுட்டு படுத்துக்கணும், நான் அத பண்ணல.

இதுக்கு நேர் எதிர் தப்பு மூணாவது ராத்திரி பண்ணேன். அத்தான் பட்டனுக்கு முந்தின ஆளு, முன்னாடி எல்லாரும் சீட்ட போட்டுட்டு போன ஆட்டத்துல அவரு 4-ஆ ரைஸ் (ஏத்தினாரு). எனக்கு ஒன்பது-ஒன்பது, 6-ஆ ஏத்தினேன், பிளைண்ட் ரெண்டு பேரும் சீட்ட போட்டாச்சு, அவரு கால். பாட் 15. ஃப்ளாப் ராணி, ஏழு, மூணு, மூணும் வேற வேற ஜாதி. அவரு செக் (எதுவும் வெக்காம விடுறது), நான் 2, அவரு திருப்பி 4-ஆ ஏத்தினாரு. மொத ராத்திரி பட்ட சூடு இருக்கே, ராணி இருக்கு போலன்னு ஒரு நொடில சீட்ட போட்டுட்டேன். அவரு திருப்பி காட்டினது ஆஸ்-பத்து, வெறுங்கை. பாட்ல 21 இருந்துச்சு, நான் வெக்க வேண்டியது 2! கடைசி வரைக்கும் கூடவே போயிருந்தாலும் எனக்கு செலவு 10, ஜெயிச்சா 29, நாலு தடவைக்கு ஒரு தடவ நான் மேல இருந்தா போதும். ஒத்தைக்கு ஒத்தை நிக்கும்போது ராணி ஒண்ண பாத்து பயந்து ஓடுறது அவ்வளவு பெரிய தப்புன்னு அன்னைக்கு வரைக்கும் யாரும் எனக்கு சொன்னதில்ல, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

இப்ப நான் சீட்ட பாத்த உடனே பண்ற மொத வேலை தலை எண்றது. நடுத்தர ஜோடிக்கு ஒண்ணு ஒரே ஆளு எதிர்ல, இல்ல அஞ்சாறு பேரு, இந்த ரெண்டுதான் எனக்கு ஒத்து வருது. மூணு பேரு ஆட்டம்தான் இன்னும் புரிபடல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதகடி:

அண்ணே நான் கும்மோணம் பக்கம், அண்ணன் தம்பி அஞ்சு பேரு சோழி வெச்சு ஆடுவோம். செட் விழுந்தப்புறம் என்ன பண்றதுன்னு நீங்க எழுதல, என் வலி அதுலதான். ஏழு-ஏழு, அஞ்சு பேரும் உள்ள, ஃப்ளாப் டைமண்ட் ராணி, டைமண்ட் நாலு, இஸ்பேட் ஏழு. முன்னாடி ஒருத்தன் பெட் போட்டான், நான் ஒளிச்சு வெச்சு ஆடுறேன்னு சும்மா கால், எனக்குப் பின்னாடி ரெண்டு பேரு அதே விலைக்கு நுழைஞ்சிட்டாங்க. ரிவர்ல டைமண்ட் விழுந்துச்சு, எங்க சின்னவன் ஃப்ளஷ்ஷ (அஞ்சு சீட்டும் ஒரே ஜாதி) விரிச்சான். நான் ஏத்தியிருந்தாலும் அவன் போயிருக்க மாட்டான், ரெண்டு டைமண்ட் வெச்சிருக்கவன் லிமிட்ல எதுக்கு போகணும், மூணு தடவைக்கு ஒரு தடவ அவனுக்கு விழுமே. ஆனா விழாத ரெண்டு தடவைக்கும் சேத்து அவன்கிட்ட ரெட்டை விலை வாங்கியிருக்கணும், நடுவுல ஒத்த சீட்டுக்கு ஏங்கிக்கிட்டு வந்தவனும் ஓடியிருப்பான். லிமிட்ல ஒளிச்சு வெச்சு கண்ணு வெச்சு பிடிக்க பெரிய மீனே கிடையாதுண்ணே, கைய நீட்டி நீட்டி அப்பப்ப வாங்கிடணும்.

மாயவரம் அக்கா:

தம்பி, மூணு பேரு ஆட்டம் கேட்டிங்கல்ல, தீவாளிக்கு பொறந்த வீட்ல ஆடினது சொல்றேன். பத்து-பத்து, மொத ரைஸ் நான்தான், பட்டன்ல எங்க தம்பியும் பெரிய பிளைண்ட்ல எங்க கொழுந்தனும் கால். பாட் 13. ஃப்ளாப்ல ஆஸ், எட்டு, நாலு. கொழுந்தன் செக், நான் ஒரே ஒரு பெட் போட்டு பாத்தேன், தம்பி கால், கொழுந்தன் சீட்ட போட்டாரு. டர்ன்ல நான் நிறுத்திட்டேன், செக். தம்பியும் செக். ஆஸ் இருந்தா அங்க 4 போடாம விடுவானா, எனக்கு அப்பவே தெளிஞ்சிருச்சு. ரிவர்ல அவன் 4 போட்டான், பாட்ல 21, நான் கால் பண்ணேன், அவன்கிட்ட ஒன்பது-எட்டு. ஃப்ளாப்ல ஒரு பெட், அதுக்கு மேல அவங்க கேட்டா மட்டும் யோசிக்கிறது, மூணு பேருன்னா எனக்கு இதான் சரியா வருது. டர்ன்லயும் அவன் அடிச்சிருந்தான்னா விட்டிருப்பேன்.

இன்னொண்ணு, 2015-ல கனடா ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல செஃபியஸ்னு ஒரு ப்ரோக்ராம் வெச்சு ரெண்டு பேர் ஆடுற லிமிட் ஹோல்டெம்ம கிட்டத்தட்ட முழுசாவே தீத்துட்டாங்கன்னு, அதாவது நீண்ட கணக்குல தோக்காம ஆடுற வழிய கண்டுபிடிச்சுட்டாங்கன்னு என் மகன் காட்டினான். ஆனா அது ரெண்டு பேருக்கு மட்டும்தான். நம்ம ஏழு பேரு ஆட்டத்துக்கு அத அப்படியே எடுத்துக்காதிங்க.

வெண்ணாத்தங்கரை:

அக்கா ரொம்ப நன்றி, டர்ன்ல நிறுத்துறத நான் யோசிக்கவே இல்ல. மதகடி தம்பி, நீ சொன்னது அத்தானும் சொன்னதுதான்.

ஒண்ணு விட்டுப்போச்சு. நாலாவது ராத்திரி பெரியப்பா மொத ஆளா இருந்து ரைஸ், அவரு ராஜா, ஆஸ் மாதிரி இல்லாம அந்த எடத்துலேர்ந்து ஏத்தவே மாட்டாரு. அடுத்த ஆளு நான், ஏழு-ஏழு. பாட்ல 7 இருக்கு, நான் வெக்கணும் 4, பின்னாடி யாரு வருவாங்கன்னு தெரியாது, சீட்ட போட்டுட்டேன். அவரு காட்டினது ராஜா ஜோடி, ஃப்ளாப்ல ஏழும் விழுந்துச்சு, பக்கத்துல இருந்தவங்க ச்சு கொட்டினாங்க. மறுபடி அதே எடம் வந்தாலும் சீட்ட போடத்தான் போடுவேன், நான் பின்னாடி இருந்து, எனக்கு முன்னாடி ஏற்கனவே மூணு பேரு கால் பண்ணியிருந்தா மட்டும் உள்ள போவேன். ஆறு-ஆறு, அஞ்சு-அஞ்சு இந்த எடத்துல எப்படின்னு யாராவது எழுதுங்க, அடுத்த அறுப்புக்குள்ள தெரிஞ்சிக்கணும்.