உருளைக்கிழங்கு மசியல் பசையாகிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாயிக்குக் கீழ்வரிசைப் பற்களை எடுத்துவிட்டார்கள். ரொட்டியை மெல்ல முடியவில்லை. வெண்ணெய் போலத் தொண்டையில் இறங்கும் கிழங்கு மசியல் கேட்கிறார்.

மூன்று முறை முயன்றுவிட்டேன். முதல் நாள் கொதிக்கும் நீரில் துண்டுகளைப் போட்டேன். ஓரம் கரைந்துபோனது, நடுப்பகுதி வேகவில்லை. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால் இங்கே எதுவும் மெதுவாகத்தான் வேகும். அடுத்த முறை குளிர்ந்த உப்பு நீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றினேன், சீராக வெந்தது. ஆனால் கட்டி இருக்கக் கூடாதென்று பிளெண்டரில் அடித்தேன். மாச்சத்தெல்லாம் வெளியேறி, கரண்டியைத் தூக்கினால் சுவரொட்டிப் பசை போல இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் முறை மத்தால் மசித்தேன். பசை இல்லை, கட்டிகள் இருந்தன. அப்பாயி அவற்றை ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்தார். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இடியப்ப உரலில் சூட்டோடு பிழிந்தால் சரியாக வருமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அரைக் கிலோ கிழங்குக்குப் பட்டர் எவ்வளவு? அதை முதலில் சேர்ப்பதா, பாலுக்குப் பிறகா? பசும்பால் கிடைக்கிறது, காய்ச்சிச் சூடாகவே ஊற்றலாம். கடையில் பெரும்பாலும் கிரனோலா கிழங்குதான். இதைவிட மாவுத்தன்மையுள்ள கிழங்கு வெலிமடைப் பக்கம் கிடைத்தால் சொல்லுங்கள், பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறேன்.