ரிமோட்ஆப் திறக்கவில்லை, அவசரம்!

நள்ளிரவு_அட்மின்:
ஆப்-வி (நிரலைக் கணினியில் நிறுவாமலே ஓட்டும் மைக்ரோசாஃப்ட் முறை) பேக்கேஜைப் புதுப்பித்த பிறகு, சர்வரில் ஓடும் அந்த நிரலின் ஜன்னலை மட்டும் யூசருக்குக் காட்டும் ரிமோட்ஆப் திறக்க மறுக்கிறது. சிலருக்கு மட்டும் திறக்கிறது. செட்டிங் எல்லாம் சரிதான். விடிவதற்குள் முடிக்க வேண்டும்.

கேபிள்ராஜா:
எல்லாம் சரி என்றால் இங்கே ஏன் வந்தீர்கள்? எந்த சர்வர், யூசர் செஷன்களை ஓட்டும் ஹோஸ்ட் எத்தனை? வெளியிட்டது குறிப்பிட்ட யூசருக்கா, எல்லோருக்கும் பொதுவாக குளோபலா? என்ன பிழை வருகிறது? எத்தனை வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேனோ!

தாமரை:
யூசருக்கு வெளியிட்டிருப்பீர்கள். ரிமோட்ஆப் செஷனில் வழக்கமான டெஸ்க்டாப்பைத் தரும் எக்ஸ்ப்ளோரருக்குப் பதில் ஆர்டிபிஷெல் என்ற ஷெல்தான் ஓடும். யூசருக்கான பேக்கேஜ்களைச் சேர்க்கும் பப்ளிஷிங் ரிஃப்ரெஷ் முடியும் முன்பே நிரலைக் கூப்பிட்டுவிடும். குளோபலுக்கு மாற்றுங்கள்.

நள்ளிரவு_அட்மின்:
விண்டோஸ் சர்வர் 2016, இரண்டு ஹோஸ்ட். குளோபல்தான். முழு டெஸ்க்டாப்பில் ஸ்டார்ட் மெனு வழியாகப் போனால் திறக்கிறது.

புதுப்பாதை:
ஆன்டிவைரஸை நிறுத்திப் பாருங்கள். அப்புறம், இன்னுமா ஆப்-வி? அதன் சர்வர் பகுதிக்கான ஆதரவுக் காலம் 2026 ஏப்ரல் வரைதான். மைக்ரோசாஃப்டின் புதிய பேக்கேஜ் முறையான எம்எஸ்ஐஎக்ஸுக்கு மாறுங்கள்.

கேபிள்ராஜா:
எம்எஸ்ஐஎக்ஸ் பேக்கேஜுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். இந்த நேரத்தில் சான்றிதழுக்கு எங்கே போவார்? வீடு எரியும்போது புது வீட்டுக்குப் பிளான் போடுகிறீர்கள்.

புதுப்பாதை:
எரிகிற வீட்டிலேயே இருக்கச் சொல்வது நீங்கள்தான்.

மௌனவாசகன்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அட்மின், ரிமோட்ஆப்பில் கொடுத்திருக்கும் பாதை என்ன? பழைய பதிப்பை நீக்கினீர்களா?

நள்ளிரவு_அட்மின்:
புரோகிராம்டேட்டா\ஆப்-வி, அதற்குள் இரண்டு நீளமான ஜியூஐடி (தனி அடையாள எண்), பிறகு ரூட் கோப்புறை. பழையதை நீக்கிவிட்டேன். ஒரு ஹோஸ்டில் மட்டும், பயன்பாட்டில் இருக்கிறது என்று நீக்க மறுத்தது. ஆமாம், கோப்பு இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. உடனே மூடிவிட்டேன்.

கேபிள்ராஜா:
அந்தப் பெட்டியை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மௌனவாசகன்:
இரண்டாவது ஜியூஐடி பதிப்புக்கானது. புதுப்பித்தால் மாறிவிடும். உங்கள் ஐகான் இல்லாத கோப்புறையைத் தேடுகிறது. நீக்க முடியாத ஹோஸ்டில் விழுந்தவர்களுக்குத் திறப்பதும் அதனால்தான், ஆனால் அவர்கள் ஓட்டுவது பழைய பதிப்பு. புரோகிராம்டேட்டா\மைக்ரோசாஃப்ட்\ஆப்வி\கிளையன்ட்\இன்டக்ரேஷன் பாதையைக் கொடுங்கள். அதில் பேக்கேஜ் ஜியூஐடி மட்டும்தான், பதிப்பு மாறினாலும் பாதை மாறாது. ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்டும் அங்கேதான் போகிறது.

தாமரை:
சரி, என் கணிப்பு தவறு. ஆனாலும் யூசருக்கு வெளியிடுகிறவர்கள் அதைக் கவனியுங்கள்.

நள்ளிரவு_அட்மின்:
மாற்றினேன், திறக்கிறது. நன்றி.

மௌனவாசகன்:
அந்த இன்னொரு ஹோஸ்டில் எல்லோரையும் லாக்ஆஃப் செய்துவிட்டுப் பழையதை நீக்கினீர்களா?

கேபிள்ராஜா:
தூங்கப் போயிருப்பார்.