அடிபம்புத் தண்ணீரில் டீ கறுக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ஆற்றோரத்து மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பர்மாவில், ஐராவதி ஆற்றுப் பக்கம் மாவுபின் ஊருக்கு அருகே ஒரு கிராமம். முன்பு ஊரே குளத்துத் தண்ணீர்தான் குடித்தது. பிள்ளைகளுக்கு அடிக்கடி பேதி வந்ததால் 15 வருடத்துக்கு முன்னால் மாமனார் கொல்லையில் அடிபம்பு போட்டார். 100 அடி ஆழம் இருக்கும்.

அடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. வாளியில் ஒரு மணி நேரம் கிடந்தால் மேலே செம்மஞ்சளாக ஆடை படர்கிறது. டீ போட்டால் மை கரைத்ததுபோல் கறுக்கிறது. அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இப்போது மாமனாரின் உள்ளங்கையில் அரிசிப் பருக்கை அளவுக்குக் கெட்டியாக முளைகள் வந்திருக்கின்றன. முதுகு கறுத்து, நடுவே மழைத்துளி தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். "மண்வெட்டி பிடித்த கை அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

மகனுக்கு 2 வயது. எனக்கு இப்போது 4 மாதம். காய்ச்சித்தான் குடிக்கிறோம். அது போதுமா?

தோட்டக்காரன்:

அக்கா, அது இரும்பு. எங்கள் பம்பிலும் அப்படித்தான். மணல் தொட்டியில் ஊற்றி வடிகட்டினால் தெளிந்துவிடும். பயப்படாதீர்கள்.

பழைய கம்பவுண்டர்:

தம்பி சொன்னது பாதி சரி. டீ கறுப்பது இரும்பால்தான், தேயிலைத் துவர்ப்போடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். ஆனால் அம்மா, அந்த உள்ளங்கையைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்கு வருகிற சந்தேகம் ஆர்செனிக், அதாவது பாஷாணம்.

யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை. மலையிலிருந்து ஐராவதி அரித்து வந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணுக்கடியில் இலைதழை மட்கி, அங்கே காற்று இல்லாமல் போகும்போது துரு கரைகிறது. ஒட்டியிருந்த பாஷாணமும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அதற்காக இரும்பு உள்ள கிணறெல்லாம் கெட்டது என்றில்லை. இருபது முப்பது அடி தள்ளி, பக்கத்து வீட்டுப் பம்பு சுத்தமாக இருக்கலாம். அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. காய்ச்சினால் கிருமிதான் சாகும். இது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். மணல் தொட்டியில் இரும்போடு சேர்ந்து கொஞ்சம் பிடிபடும், மீதி எவ்வளவு என்பதையும் அளந்துதான் பார்க்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பெரியவர்களுக்குத் தோலில் தெரியவே பல வருடம் ஆகும். பிள்ளைக்கு வேறு கணக்கு. உடல் எடைக்குப் பார்த்தால் நம்மைவிட அதிகம் குடிக்கிறது, மூளையும் வளர்கிற வயது. வயிற்றில் இருப்பதற்கும் தொப்புள்கொடி வழியாகப் போய்ச் சேரும். எடை குறைந்து பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் தாய்ப்பாலில் மிகக் கொஞ்சம்தான் இறங்கும், அதனால் நாளைக்குப் பயந்துகொண்டு பால் கொடுப்பதை நிறுத்திவிடாதே.

இப்போது ஆடி மழை கொட்டுகிறது. தகரக் கூரையில் முதல் தண்ணீர் ஓடட்டும், அப்புறம் பிடித்துக் காய்ச்சிக் குடியுங்கள். ஜாடியைத் துணியால் இறுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். சோற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். அரிசியிலேயே கொஞ்சம் ஆர்செனிக் இருக்கும், நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் குறையும். வடித்த கஞ்சியைப் பிள்ளைக்குக் கொடுக்காதே. குளிக்க, துணி துவைக்கப் பம்பு இருக்கட்டும். பயந்துபோய்க் குளத்துத் தண்ணீரைப் பச்சையாகக் குடிக்கத் தொடங்கிவிடாதீர்கள், பேதி திரும்பி வரும். டவுன்ஷிப் சுகாதார அலுவலகத்தில் ஆர்செனிக் சோதனை என்று கேளுங்கள். மாமனாரை டாக்டரிடம் காட்டுங்கள், உன் பரிசோதனைக்குப் போகும்போதும் இதைச் சொல்.

அந்தக் காலத்தில் பேதிக்குப் பயந்து ஊர் ஊராக "பம்பு போடுங்கள்" என்று சொன்னவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரங்கூன் பேத்தி:

ஐயா சொன்ன வயசுக் கணக்கு முற்றிலும் உண்மை. தருமபுரிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் புளோரைடு தண்ணீர். அங்கேயே பிறந்து வளர்ந்த சித்திக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. பெரியவரான பிறகு அந்த ஊருக்குப் போன சித்தப்பாவுக்குப் பல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. குடித்தது ஒரே கிணறு. பல்லின் எனாமல் சின்ன வயதில்தான் உருவாகிறது, அப்போது குடித்தது அப்படியே பதிந்துவிடுகிறது.

ஆற்றோரத்து மருமகள்:

ஐயா, நேற்று சோதனைப் பெட்டியோடு ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றிப் பொடி போட்டு, மூடியில் காகிதத் துண்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளாகி, பழுப்பாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பம்பில் வெள்ளையாகவே இருந்தது. நடுவே ஒரு வாழைத்தோப்புதான்.

மாமனார் நெடுநேரம் பேசவில்லை. அவர் போட்ட பம்பு. அப்புறம் பழைய லுங்கியில் சிவப்பாக இருந்த பக்கத்தைக் கிழித்துக் கைப்பிடியில் கட்டினார். அத்தை துவாந்தேயில் வாங்கிய பெரிய ஜாடியைத் தேய்த்துக் கழுவிக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார். இன்று காலை அதில் பாதி நிறைந்துவிட்டது. திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம்.