சிறிய ஆர்.சி. ஹெலிகாப்டர்களுக்கு எந்தச் சார்ஜரை வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் வி911எஸ், கே110 என்ற இரண்டு சிறிய ஆர்.சி. (ரிமோட்டில் இயக்கும்) ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. முதலாவதற்கு 250 மில்லி ஆம்பியர் மணி, இரண்டாவதற்கு 450 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்ட 3.7 வோல்ட் ஒற்றை செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளைப் பயன்படுத்துகிறேன். பெட்டியுடன் வந்த யு.எஸ்.பி. வயரில் ஒரு நேரத்தில் ஒரு பேட்டரியை மட்டுமே சார்ஜ் செய்ய முடிவதால், பறக்கவிடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுதியாகிறது. விளக்கின் நிறம் மாறுவதைத் தவிர, உள்ளே எத்தனை வோல்ட் ஏறியிருக்கிறது என்பதை அறிய வேறு வழியும் இல்லை.

ஒரே நேரத்தில் ஆறு பேட்டரிகளை ஏற்றும் மலிவான சார்ஜர்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. ஐமேக்ஸ் பி6 போன்ற, திரையுள்ள சார்ஜரை வாங்குமாறு சிலர் சொல்கிறார்கள். பின்னாளில் பிளேடு 230 எஸ் போன்ற மூன்று செல் ஹெலிகாப்டருக்கு மாறும் எண்ணமும் உண்டு. எதை வாங்குவது சரியாக இருக்கும்?

மறுமொழி 1

சார்ஜரில் பேட்டரி செருகும் வழிகள் எத்தனை உள்ளன, எத்தனை வாட் என்பவற்றைப் பார்ப்பதற்கு முன், அது எவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைத் தரும், அந்த அளவை நாமே தீர்மானிக்க முடியுமா என்பதைப் பாருங்கள். லிப்போ பேட்டரிக்குப் பொதுவாக 1சி, அதன் கொள்ளளவு எண்ணுக்குச் சமமான மின்னோட்டம், என்ற அளவே பாதுகாப்பானது. அதாவது உங்கள் 250 பேட்டரிக்கு 0.25 ஆம்பியர், 450 பேட்டரிக்கு 0.45 ஆம்பியர். இந்த வேகத்தில், காலியான பேட்டரி நிறையச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரமோ அதற்குச் சிறிது கூடுதலாகவோ ஆகும்.

மலிவான சார்ஜர்கள் பலவற்றின் உள்ளே டி.பி. 4056 என்ற சிப்தான் இருக்கிறது. அது மோசமான சிப் அன்று, 4.2 வோல்ட்டில் ஒழுங்காக நிறுத்தும். ஆனால் எவ்வளவு மின்னோட்டம் தர வேண்டும் என்பதை அதன் இரண்டாவது காலில் இணைந்திருக்கும் சிறிய மின்தடையே முடிவு செய்கிறது. கடையில் கிடைக்கும் பலகைகள் பெரும்பாலானவற்றில் அந்த மின்தடையின் மீது 122 என்று அச்சிட்டிருக்கும், அது 1.2 கிலோ ஓம், தருவது 1 ஆம்பியர். 250 பேட்டரிக்கு அது 4சி, அதாவது நான்கு மடங்கு, ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் 5.1 கிலோ ஓம் வைத்தால் ஏறத்தாழ 0.235 ஆம்பியராகக் குறைந்து பொருத்தமாகிவிடும். பற்றவைக்கத் தெரிந்தவருக்கு இது எளிய வேலைதான். தெரியாதவர், ஒவ்வொரு வழிக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதாத சார்ஜரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மறுமொழி 2

மூன்று செல் ஹெலிகாப்டருக்கு மாறும் எண்ணம் உறுதியானதென்றால், நான் பி6 வகையையே பரிந்துரைப்பேன். 0.1 ஆம்பியரிலிருந்து மின்னோட்டத்தை அமைக்கலாம். ஒன்று முதல் ஆறு செல் வரை ஏற்றும். ஏறிய அளவையும் வோல்ட்டையும் திரையில் காட்டும். 230 எஸ் பயன்படுத்தும் 800 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 1சி என்பது 0.8 ஆம்பியர், முழுமையான 12.6 வோல்ட்டில் கணக்கிட்டாலும் 10 வாட்டைச் சற்றே தாண்டும். ஆகவே 50 வாட் சார்ஜரே தாராளமாகப் போதும். அதற்கு மேல் விலை கொடுக்கத் தேவையில்லை. பல செல் பேட்டரிகளை எப்போதும் பேலன்ஸ் வயரையும் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சார்ஜருடன் இணைக்கும் சிறு வயர்) இணைத்தே ஏற்றுங்கள். இல்லையெனில் மொத்த வோல்ட் சரியாகத் தெரிந்தாலும், ஒரு செல் 4.2-ஐத் தாண்டிவிடக்கூடும்.

பி6-இன் சில வகைகளுக்கு 12 வோல்ட் தரும் தனி அடாப்டர் வேண்டும். விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பி6 ஒன்றிலிருந்து ஒரே நேரத்தில் பல ஒற்றை செல் பேட்டரிகளை ஏற்றுவதற்கான இணைப்புப் பலகை விற்பனையில் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா? மேலும், என் பேட்டரிகளில் ஒன்று லேசாக உப்பத் தொடங்கியிருக்கிறது. நல்ல சார்ஜரில் போட்டால் அது சரியாகிவிடுமா?

மறுமொழி 3

உப்பிய பேட்டரி எந்தச் சார்ஜரிலும் சரியாகாது. அதை இனி ஏற்றவே வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

இணைப்புப் பலகையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் ஒழுங்கு தேவை. பேட்டரிகளை இணையாகச் சேர்க்கும் கணத்தில், வோல்ட் கூடியதிலிருந்து குறைந்ததற்கு மின்சாரம் கட்டுப்பாடின்றிப் பாயும். இதைச் சார்ஜரால் தடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பேட்டரியையும் மல்டிமீட்டரில் அளந்து, 0.1 வோல்ட்டுக்குள் ஒத்திருப்பவற்றை மட்டும் ஒன்றாக இணையுங்கள். ஆறு 250 பேட்டரிகள் சேர்ந்தால் மொத்தம் 1500, சார்ஜரில் 1.5 ஆம்பியர் அமைக்க வேண்டும், செல் எண்ணிக்கையை ஒன்று என்றே வைக்க வேண்டும். 250-ஐயும் 450-ஐயும் கலக்காமல் தனித்தனிக் குழுவாக ஏற்றுவதே நல்லது. பழைய பேட்டரியையும் புதியதையும்கூட நான் சேர்ப்பதில்லை. இவ்வளவு கவனம் ஒவ்வொரு முறையும் இயலாது என்று தோன்றினால், ஒவ்வொரு வழிக்கும் தனிக் கட்டுப்பாடு உள்ள ஒற்றை செல் சார்ஜரை இப்போது வாங்கிக்கொண்டு, பி6-ஐ 230 எஸ் வரும்போது வாங்கலாம். உங்கள் நிலையில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அந்தச் சார்ஜரில் சேமிப்பு நிலை (பயன்படுத்தாமல் வைக்க ஏற்ற வோல்ட்டுக்குக் கொண்டுவரும் வசதி) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிறைய ஏற்றிய பேட்டரியை வெயில் காலத்தில் வாரக்கணக்கில் அப்படியே வைப்பதும், ஹெலிகாப்டர் தானாக இறங்கும் வரை பறக்கவிட்டு 3 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுபோவதும்தான் உப்புவதற்கு முதன்மையான காரணங்கள். பறக்காத நாள்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் ஆயுள் நீடிக்கும். 4.35 வோல்ட் வரை ஏற்றும் லிஎச்வி (உயர் வோல்ட் லிப்போ) நிலையும் அதில் இருந்தால், தற்செயலாக அதில் விழாதபடி பொத்தானைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பேட்டரிகளுக்கு 4.2 மட்டுமே.

மற்றொன்று: இந்தச் சிறு கனெக்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருப்பதுண்டு. வயரின் நிறத்தை நம்பாமல், முதல் முறை மல்டிமீட்டரில் சோதித்த பிறகே பேட்டரியைச் செருகுங்கள்.