12 சர்வர்ல உபுண்டு 24.04 போடணும், விஎம்ல (சாஃப்ட்வேர்ல ஓடற டம்மி மெஷின்ல) டெஸ்ட் பண்ணது போதுமா?

ராத்திரி_ஷிப்ட்:
வணக்கம் மக்களே. ஆபீஸ்ல 12 சர்வர் இருக்கு, எல்லாத்துலயும் உபுண்டு லினக்ஸ் 20.04 தான் ஓடுது, அதோட இலவச சப்போர்ட் 2025 மே மாசத்தோட முடிஞ்சுபோச்சு, நாங்க இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளித் தள்ளி இப்ப தான் 24.04க்கு மாறலாம்னு முடிவாகியிருக்கு. அப்கிரேட் வேணாம், ஃப்ரெஷ்ஷா போட்டுருன்னு மேனேஜர் சொல்லிட்டார்.

ஒவ்வொரு மெஷின்லயும் 480 ஜிபி எஸ்எஸ்டி ரெண்டு, 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. எஸ்எஸ்டி ரெண்டும் சாஃப்ட்வேர் ரெய்டு 1ல போகணும், அதாவது ரெண்டுலயும் ஒரே டேட்டா இருக்கணும், ஹார்ட் டிஸ்க்ல இருக்கற டேட்டா அப்படியே இருக்கணும். நெட்வொர்க் போர்ட் 4 இருக்கு, கேபிள் ஒண்ணுல தான் சொருகியிருக்கு. 12 தடவ கீபோர்ட தூக்கிக்கிட்டு அலைய முடியாதுன்னு இன்ஸ்டாலர் கேக்கற கேள்விக்கெல்லாம் தானா பதில் சொல்ற ஆட்டோஇன்ஸ்டால் ஃபைல் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். விர்ச்சுவல்பாக்ஸ்ல 25 ஜிபி டிஸ்க் குடுத்து 7 தடவ ஓட்டிட்டேன், ஒவ்வொரு தடவையும் 6 நிமிஷத்துல லாகின் ஸ்க்ரீன் வந்துருது. ஸ்டோரேஜுக்கு இப்போதைக்கு வெறும் எல்விஎம் (டிஸ்க் எடத்த அப்புறமா பெருசாக்கற மாதிரி பிரிக்கறது) லேஅவுட் தான், ரெய்டு வரிங்கள நிஜ மெஷினுக்குப் போறப்ப சேத்துக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு விஷயம், இன்ஸ்டால் ஆனப்புறம் பாத்தா ரூட்ல, அதாவது ஓஎஸ் இருக்கற எடத்துல, 11 ஜிபி தான் காட்டுது, விஎம் தானேன்னு கண்டுக்கல.

சனிக்கிழமை ராத்திரி 12ம் போட்டுரலாமா? இதுக்கு மேல என்ன டெஸ்ட் பண்ணணும்?

பழைய_அட்மின்:
தம்பி மொதல்ல அந்த சனிக்கிழமைய கேன்சல் பண்ணு. உன் ஃபைல்ல எல்விஎம் லேஅவுட்னு மட்டும் போட்டு எந்த டிஸ்க்குன்னு சொல்லலன்னா இன்ஸ்டாலர் மெஷின்ல இருக்கறதுலயே பெரிய டிஸ்க்க தான் எடுக்கும், இது பக் இல்ல, டாகுமெண்ட்லயே அப்படித் தான் போட்டிருக்கு. உன் மெஷின்ல பெருசு எது? டேட்டா இருக்கற 4 டிபி.

இத நான் அனுபவிச்சே தெரிஞ்சுக்கிட்டேன். உன்ன மாதிரியே தான், விஎம்ல ஒரே டிஸ்க், பத்து தடவ போட்டு பத்தும் பாஸ், எனக்கும் தலைகால் புரியல. நிஜ மெஷின்ல யூஎஸ்பிய சொருகிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா லாகின் ஸ்க்ரீன் அழகா நிக்குது, உள்ள போய் டிஸ்க் லிஸ்ட் பாத்தா சின்ன எஸ்எஸ்டி ரெண்டும் தொட்டது தொட்டபடி கெடக்கு, பேக்கப் வச்சிருந்த பெரிய டிஸ்க்ல ஓஎஸ் உக்காந்துருக்கு. அந்த டீ இன்னும் தொண்டைக்குள்ள இறங்கல எனக்கு. பேக்கப்போட பேக்கப் இன்னொரு எடத்துல இருந்ததால பொழச்சேன், இருந்தாலும் திரும்ப காப்பி பண்ணி முடிக்க ரெண்டு நாள்.

அப்புறம் இன்னொண்ணு, ரெய்டு வரிங்கள அப்புறமா சேத்துக்கறேன்னு சொன்னா நீ டெஸ்ட் பண்ண ஃபைல் வேற, போடப்போற ஃபைல் வேறன்னு தானே அர்த்தம். அந்த 7 தடவைய கணக்குலயே சேக்காத.

ரெய்டு ஃபைல கையால எழுதி மண்டைய ஒடைச்சுக்காத. விஎம்ல ரெண்டு டிஸ்க் குடுத்து மெனு வழியா கையாலயே ஒரு தடவ ரெய்டு போட்டு இன்ஸ்டால் பண்ணு, முடிஞ்சதும் வார் லாக் இன்ஸ்டாலர் ஃபோல்டர்ல நீ பண்ணத அப்படியே ஆட்டோஇன்ஸ்டால் ஃபைலா எழுதி வச்சிருக்கும். அத எடுத்து டிஸ்க் சீரியல் நம்பர மட்டும் மாத்து, கடைசி பார்ட்டிஷனோட அளவ மைனஸ் 1னு குடுத்தா மிச்ச எடத்த தானா எடுத்துக்கும். எஸ்டிஏ எஸ்டிபின்னு பேர நம்பி எழுதாத, அது பூட்டுக்கு பூட் மாறும்.

கெர்னல்பொரியல்:
ரூட்ல 11 ஜிபின்னு கண்டுக்காம விட்டீங்கல்ல, அது விஎம் கோளாறு இல்ல. கைடட் எல்விஎம்மோட டீஃபால்ட்டே அப்படி. வால்யூம் குரூப் (எல்விஎம் கையில இருக்கற மொத்த எடம்) 20லேருந்து 200 ஜிபிக்குள்ள இருந்தா பாதிய தான் ரூட்டுக்குக் குடுக்கும், 200க்கு மேல போனா வெறும் 100 ஜிபி. மிச்சத்த ஸ்னாப்ஷாட்டுக்கும் அப்புறம் பெருசாக்கறதுக்கும்னு காலியா வச்சிருக்கும். 480 ஜிபி எஸ்எஸ்டில போட்டிருந்தா 100 ஜிபி தான் கெடச்சிருக்கும், ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் டிஸ்க் ஃபுல்னு அலாரம் அடிக்கறப்ப தான் தெரிஞ்சிருக்கும். லேஅவுட்ல சைசிங் பாலிசி ஆல்னு ஒரு வரி போட்டா முழுசா எடுத்துக்கும். ஏற்கனவே போட்டாச்சுன்னா எல்விஎக்ஸ்டெண்ட், ரீசைஸ்2எஃப்எஸ், ரெண்டே கமாண்ட், ரீபூட் கூட வேணாம்.

லாகின் ஸ்க்ரீன் வந்தா பாஸ்னு வச்சிருக்கீங்க பாருங்க, அது தான் இடிக்குது. நான் பாக்கறது: ரெண்டு தடவ ரீபூட் பண்ணி ரெண்டு தடவையும் தானா எழுந்திரிக்கணும், சிஸ்டம்கண்ட்ரோல் கமாண்ட்ல ஃபெயில் ஆன சர்வீஸ் லிஸ்ட் காலியா இருக்கணும், மொத பூட் செட்டிங்ஸ போடற க்ளவுட்-இனிட்டோட ஸ்டேட்டஸ் டன்னு சொல்லணும், வேற மெஷின்லேருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) போகணும். 20.04க்கு எழுதின பழைய ஸ்க்ரிப்ட்ல எஸ்எஸ்எச் போர்ட்ட மாத்தறீங்களா? 24.04ல எஸ்எஸ்எச் சாக்கெட் வழியா, யாராவது போர்ட்ட தட்டினா தான் எழுந்திரிக்கும், கான்ஃபிக்ல போர்ட்ட மாத்தி சர்வீஸ மட்டும் ரீஸ்டார்ட் பண்ணா பழைய போர்ட்லயே உக்காந்திருக்கும். டீமன் ரீலோட் பண்ணிட்டு எஸ்எஸ்எச் சாக்கெட்ட ரீஸ்டார்ட் பண்ணணும். ஃபயர்வால்ல புது போர்ட்ட மட்டும் தொறந்து வச்சிருந்தீங்கன்னா வெளிய நின்னு கதவ தட்டிட்டே இருக்க வேண்டியது தான்.

மொட்டைமாடி_லேப்:
ப்ரோ விஎம் வேஸ்ட் இல்ல, உங்க விஎம் தான் உங்க மெஷின் மாதிரி இல்ல. நான் கேவிஎம்ல (லினக்ஸோட விஎம் சாஃப்ட்வேர்) பண்றத சொல்றேன், விர்ச்சுவல்பாக்ஸ்லயும் பாதி நடக்கும்.

டிஸ்க் மூணு குடுங்க, அதுவும் நிஜ அளவுலயே, 480, 480, 4000 ஜிபின்னு. லேப்டாப்ல அவ்ளோ எடம் எங்கன்னு பயப்படாதீங்க, க்யூகவ்2ங்கற விஎம் டிஸ்க் ஃபைல் எழுதின அளவுக்கு தான் எடம் பிடிக்கும், 4 டிபி டிஸ்க் ஆரம்பத்துல சில நூறு கேபி தான் இருக்கும். அந்த பெரிய டிஸ்க்ல மொதல்லயே இஎக்ஸ்டி4 போட்டு நாலஞ்சு ஃபைல் வச்சு ஷா256 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) எடுத்து குறிச்சு வச்சுக்கோங்க. இன்ஸ்டால் முடிஞ்சதும் மவுண்ட் பண்ணி திரும்ப எடுங்க, நம்பர் ஒத்துப்போனா தான் டேட்டா டிஸ்க்க தொடலன்னு அர்த்தம். விஎம்மோட செட்டிங் ஃபைலான எக்ஸ்எம்எல்ல டிஸ்க்குக்கு சீரியல் குடுக்கலாம், நிஜ எஸ்எஸ்டியோட சீரியலையே போட்டீங்கன்னா அந்த மெஷினுக்கான ஃபைல அப்படியே டெஸ்ட் பண்ணிரலாம்.

யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்த பூட் முறை) ஆன்ல இருக்கா? விர்ச்சுவல்பாக்ஸ் சும்மா விட்டா பழைய பயாஸ்ல தான் பூட் ஆகும், செட்டிங்ஸ்ல இஎஃப்ஐ டிக் போடணும். பயாஸ்ல டெஸ்ட் பண்ணிட்டு யுஇஎஃப்ஐ மெஷின்ல போட்டா பார்ட்டிஷனே வேற மாதிரி.

நெட்வொர்க் கார்ட் 4 குடுத்து மூணோட லிங்க்க டவுன் பண்ணி பூட் பண்ணிப் பாருங்க. அந்த மூணும் நெட்ப்ளான்ங்கற நெட்வொர்க் செட்டிங்ல டிஎச்சிபின்னு (ஐபிய தானா வாங்கறது) இருந்து ஆப்ஷனல் ட்ரூ போடலன்னா பூட்ல ரெண்டு நிமிஷம் வெயிட் ஃபார் நெட்வொர்க்னு சொல்லிட்டு நிக்கும், ஹேங் ஆயிருச்சுன்னு நெனச்சு பவர் பட்டன அமுக்கிருவீங்க.

அப்புறம் தான் முக்கியமானது. ரெய்டு 1 போட்டாச்சுன்னு சந்தோஷப்பட்டா ஆச்சா, ஒரு டிஸ்க்க புடுங்கிட்டு பூட் ஆகுதான்னு பாத்தீங்களா? இஎஃப்ஐ பார்ட்டிஷன் ரெய்டுக்குள்ள வராது, ரெண்டு எஸ்எஸ்டிலயும் தனித்தனியா இருக்கணும், ரெண்டுலயும் ஓஎஸ்ஸ கெளப்பற க்ரப் ஏறியிருக்கணும். அதுக்காக ரெண்டு இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கும் க்ரப் டிவைஸ் ட்ரூன்னு போடணும். இத செஞ்சும் நான் மாட்டினேன், மொத டிஸ்க்க புடுங்கினதும் க்ரப் வந்துச்சு, கெர்னல் வந்துச்சு, அப்புறம் ஒன்றரை நிமிஷம் யோசிச்சிட்டு எமர்ஜென்சி மோட்ல போய் நின்னுருச்சு. என்னன்னு பாத்தா எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) பூட் இஎஃப்ஐ மவுண்ட் மொத டிஸ்க்கோட யுயுஐடிய, அதாவது அடையாள நம்பர, தேடிட்டு இருக்கு. அந்த வரில நோஃபெயில்னு (கெடைக்கலன்னா விட்டுட்டு பூட் ஆகு) சேத்ததும் எழுந்திரிச்சுருச்சு. மொத டிஸ்க்க புடுங்கி ஒரு தடவ, திரும்ப சேத்து ரெய்டு சிங்க் முடிஞ்சப்புறம் ரெண்டாவது டிஸ்க்க புடுங்கி ஒரு தடவ, ரெண்டும் பண்ணுங்க.

ராத்திரி_ஷிப்ட்:
அண்ணா, எல்லாருக்கும் நன்றி, அந்த பெரிய டிஸ்க் மேட்டர் படிச்சதும் கை கால் நடுங்கிருச்சு. லேப் அண்ணன் சொன்ன மாதிரியே மூணு டிஸ்க் போட்டு என் பழைய ஃபைலயே வேணும்னே ஓட்டினேன். 4000 ஜிபி டிஸ்க்ல போய் உக்காந்துச்சு. ஷா256 எடுக்கறதுக்கு ஃபைலே இல்ல.

சனிக்கிழமைய ஒரே ஒரு மெஷின்னு மாத்தியாச்சு. மேனேஜர்கிட்ட அந்த டிஸ்க் ஸ்க்ரீன்ஷாட்ட காட்டினேன், ஒண்ணும் பேசல, சரின்னு மட்டும் சொன்னார். இன்னொரு சந்தேகம், யூஎஸ்பிக்கு பதிலா பிஎக்ஸ்இ வழியா, அதாவது நெட்வொர்க்லேருந்தே பூட் பண்ணி போட்டா 12க்கும் ஈஸி தானே? விஎம்ல ட்ரை பண்ணேன், பாதி டவுன்லோட்லயே செத்துருது.

கெர்னல்பொரியல்:
விஎம்முக்கு ரேம் எவ்ளோ குடுத்தீங்க, 2 ஜிபியா? பிஎக்ஸ்இல பூட் பண்ணா முழு ஐஎஸ்ஓவையும் (இன்ஸ்டால் ஃபைல்) ரேமுக்குள்ள தான் இறக்கும், 24.04 ஐஎஸ்ஓவே ரெண்டரை ஜிபிக்கு மேல. கொஞ்சம் தாராளமா குடுங்க, 6 ஜிபி வச்சா தொல்ல இல்ல.

கெர்னல் வரில ஆட்டோஇன்ஸ்டால் ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ல டேட்டாசோர்ஸ் நோக்ளவுட்னு எழுதிட்டு ஒரு செமிகோலன் வரும் பாருங்க, க்ரப் அதோட வரி முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கும், கொட்டேஷனுக்குள்ள போடுங்க. போடலன்னா எரர் எதுவும் வராது, ஃபைல் இருக்கறதே தெரியாத மாதிரி மொழி எதுன்னு கேக்கற ஸ்க்ரீன்ல வந்து நிக்கும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஆட்டோஇன்ஸ்டால் யாமல் ஃபைல்ல ஸ்பேஸ் எண்ணிட்டு இருந்தேன், தப்பு இருந்தது க்ரப்ல. அப்புறம் பூட் ஆர்டர்ல நெட்வொர்க் மொதல்ல இருந்தா இன்ஸ்டால் ஆகி ரீபூட் ஆகி திரும்ப இன்ஸ்டால் ஆகி ரீபூட் ஆகி விடிய விடிய ஓடும். டெஸ்ட்ல ஷட்டவுன் பவர்ஆஃப்னு போட்டு வைங்க.

பழைய_அட்மின்:
இதையும் சேத்துக்கோ தம்பி, 24.04.1 இல்லன்னா அதுக்கப்புறம் வந்த ஐஎஸ்ஓவ எடு, 2024 ஏப்ரல்ல வந்த மொத ஐஎஸ்ஓ வேணாம். அந்த ரிலீஸே படாத பாடுபட்டுத் தான் வந்துச்சு, எக்ஸ்இசட்ங்கற கம்ப்ரஷன் சாஃப்ட்வேர்ல திருட்டு வழி வச்ச பேக்டோர் கதை மார்ச் கடைசில வெடிச்சதும் பீட்டாவ ஒரு வாரம் தள்ளி, பிப்ரவரி 26க்கு அப்புறம் பில்ட் ஆன பேக்கேஜ் எல்லாத்தையும் திரும்ப பில்ட் பண்ணாங்க, 24.04.1உம் ஆகஸ்ட் 15ன்னு சொல்லி 29ல தான் வந்துச்சு. உபுண்டுக்காரங்களே அந்த ரிலீசுக்கு முன்னாடி ஐஎஸ்ஓ ட்ராக்கர்னு ஒரு பக்கம் வச்சு எல்விஎம், ரெய்டுன்னு ஒவ்வொரு கேஸா ஆளுங்க போட்டுப் பாத்து பாஸ் ஃபெயில்னு எழுதினாங்க, ஃபெயில்னா பக் நம்பரோட. நீயும் உன் 12 மெஷினுக்கு ஒரு ஷீட் போட்டு அப்படி எழுது. எது பண்ணேன் எது பண்ணலன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகம் இருக்காது. டவுன்லோட் பண்ண ஐஎஸ்ஓவோட செக்சம்மையும் பாத்துக்கோ.

ராத்திரி_ஷிப்ட்:
சனிக்கிழமை அப்டேட். ஒரு மெஷின் முடிஞ்சுது, ஆனா மூணு அட்டெம்ப்ட்.

4 டிபி டிஸ்க்க ட்ரேயோட வெளிய இழுத்து வச்சிட்டு தான் ஆரம்பிச்சேன். மொத அட்டெம்ப்ட் ஃபெயில், டிஸ்க் பிசின்னு இன்ஸ்டாலரோட கர்ட்டின் லாக்ல எரர். ஹெல்ப் மெனுவுல ஷெல்லுக்கு போய் எம்டிஸ்டாட்ல ரெய்டு நிலவரம் பாத்தா பழைய 20.04 ரெய்டு எம்டி127னு தானா எழுந்து உக்காந்துருக்கு. டிஸ்க்ல இருக்கற பழைய ரெய்டு அடையாளத்த அழிக்க வைப் சூப்பர்பிளாக் ரெக்கர்சிவ்னு ஒரு வரி இருந்துச்சு, ஃபைல சுத்தம் பண்றேன்னு நானே அத அழிச்சிருக்கேன். விஎம்ல எப்பவும் புது டிஸ்க்கா இருந்ததால அது இல்லாமலே பாஸ் ஆயிட்டே இருந்துருக்கு.

ரெண்டாவது அட்டெம்ப்ட் இன்ஸ்டால் ஆச்சு, நெட்வொர்க் இல்ல. நெட்வொர்க் கார்டோட பேரு விஎம்ல இஎன்பி1எஸ்0ன்னு இருந்தது இங்க இஎன்ஓ1. பேருக்கு பதிலா கார்டோட மேக் அட்ரஸ் வச்சு மேட்ச் பண்ணி மூணாவது தடவ போட்டேன், வந்துருச்சு. எஸ்எஸ்டி ரெண்டையும் மாத்தி மாத்தி புடுங்கி பூட் பண்ணிப் பாத்தேன், நோஃபெயில் போட்டிருந்ததால ரெண்டு தடவையும் எழுந்திரிச்சுது. டேட்டா டிஸ்க்க கடைசியா சொருகி மவுண்ட் பண்ணேன், எல்லாம் அப்படியே இருக்கு.

மொட்டைமாடி_லேப்:
சூப்பர் ப்ரோ. மீதி 11க்கு முன்னாடி விஎம்ல ஒரு தடவ 20.04 ரெய்டோட போட்டு அது மேலயே உங்க புது ஃபைல ஓட்டிப் பாருங்க, அழுக்கு டிஸ்க் டெஸ்ட். மேக்கும் சீரியலும் மெஷினுக்கு மெஷின் மாறும்ல, 12 ஃபைல கையால எழுதாதீங்க, ஒரு டெம்ப்ளேட் வச்சு ஸ்க்ரிப்ட்ல ஜெனரேட் பண்ணுங்க.

ராத்திரி_ஷிப்ட்:
ஸ்க்ரிப்ட் எழுதிட்டேன் அண்ணா. சீரியல் நம்பர் எடுக்க ஒவ்வொரு மெஷின்லயும் எஸ்எஸ்எச் பண்ணி டிஸ்க் லிஸ்ட் எடுத்தேன், 7ஆவது மெஷின்ல எஸ்எஸ்டி ஒண்ணு தான் காட்டுது. ரெய்டு எப்ப ஒடஞ்சுதுன்னே தெரியல, மார்ச்லேருந்து லாக்ல டீகிரேடட்னு இருக்கு. புது எஸ்எஸ்டிக்கு சொல்லியிருக்கு, அது வந்தப்புறம் தான் மத்ததெல்லாம்.